வெட்டி எடுத்த ஜாயிண்ட்

பால் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "முன்னூத்தொம்பதைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். கோபமெல்லாம் கிடையாது. அவளாகத் தேடிக்கொண்ட பட்டம்தானே! துருப்பிடிக்காத ஸ்டீல் பைப்பும் சாதாரணக் கருப்பு இரும்புப் பைப்பும் சேருகிற இடமென்றால், 309 என்று எண் போட்ட வெல்டிங் ராடு கைக்கு வந்தால்தான் முகமூடியை இறக்குவாள். 308-உம் ஸ்டீல் ராடுதானே என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

"ஸ்டீலும் ஸ்டீலும்னா 308 போதும். கருப்பு இரும்பு உருகி உள்ள கலந்தா, ராடுல இருக்கிற குரோமியம், நிக்கல் எல்லாம் பங்கு போயிடும். 309-ல அது கூடுதலா இருக்கு. ஆள் வரும்னு தெரிஞ்சா ஒரு பிடி சேர்த்து உலையில போடறதில்லையா, அது மாதிரிதான்."

அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் அக்காவின் கணவர், பைப் காண்ட்ராக்டர். பொம்பளை கையில் வெல்டிங்கா என்று ஆளாளுக்கு நக்கலடித்தபோது, "அவ போட்ட ஜாயிண்ட்டைப் பார்த்துட்டு அப்புறம் பேசு" என்று மல்லுக்கு நின்ற மனிதர். அத்தான் என்றால் அவளுக்கு உயிர். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு கஷ்டமாகப் போயிற்று.

பாய்லரிலிருந்து வரும் கருப்பு நீராவிக் குழாயைக் கேன் கழுவும் கூடத்தின் ஸ்டீல் குழாயோடு சேர்க்க வேண்டும். சாயந்தரப் பால் வண்டிகள் வருவதற்குள் நீராவி வந்தாக வேண்டும். வேலை நேரத்துக்கு முடிந்தால் அடுத்த வருஷப் பராமரிப்புக் காண்ட்ராக்ட் அத்தானுக்குத்தான் என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அவளும் முடித்தாள். விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல் தெரியவில்லை. மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். அத்தானுக்கு வாயெல்லாம் பல்.

எரிந்து மிஞ்சிய ராடுத் துண்டுகளைக் குப்பையில் கொட்டுமுன் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். பிடிக்கிற முனையில் எண் அழியாமல் இருக்கும். அன்றைக்கு இரண்டு துண்டுகளில் 308 என்றிருந்தது.

"அத்தான், ராடுப் பெட்டியில கை வச்சீங்களா?"

"அரையும் குறையுமா ரெண்டு பாக்கெட் கெடந்துச்சு. ஒரே பாக்கெட்டா அடுக்கி வச்சேன். ஏன்?"

மனிதர் பிறவி ஒழுங்குக்காரர். வீட்டில் செருப்பைக்கூட அளவு பார்த்து அடுக்குவார். ஒரே தடிமன், ஒரே சாம்பல் நிறப் பூச்சு; அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கிறது. 309 பாக்கெட்தானே என்று அவளும் எண்ணைப் பார்க்காமல் எடுத்திருக்கிறாள்.

அவள் துண்டுகளைக் காட்டினாள். அத்தானின் முகம் செத்துப் போயிற்று.

"டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சேம்மா. நல்லாத்தானே இருக்கு?"

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள முறுகிக் கெடக்கும் அத்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் விரிசல் விட்டுடும். வெட்டிட்டுத் திரும்பப் போடணும்."

"வண்டி வர்ற நேரம்! காண்ட்ராக்ட் போச்சுன்னா உங்க அக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அக்கா வீட்டு அடுப்பு இந்த ஜாயிண்ட்டை நம்பித்தான் எரிகிறது. அவள் நிமிர்ந்து குழாயைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழே நான்கைந்து பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தபடி கேன்களைக் கழுவத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். அவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்தாள். எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும் அதற்கு! சொந்தக் கையால் போட்ட, யாரும் குறை சொல்லாத ஜாயிண்ட்டைச் சொந்தக் கையாலேயே அறுத்தாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். அறுத்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா விரிசல்?"

"இன்னும் வரல சார். வந்தப்புறம் வெட்டி என்ன பிரயோஜனம்?"

"யாரு பண்ணின தப்பு இது?"

"நான்தான் சார். நம்பரைப் பார்க்காம ராடை எடுத்தேன்."

"அவ சொல்றதைக் கேக்காதீங்க சார்" என்றார் அத்தான். "ராடைக் கலந்து வச்சது நான். வெட்டணும்னு அவதான் சொன்னா; நான் வேண்டாம்னேன்."

வாசலில் முதல் பால் வண்டி ஹாரன் அடித்தது. "காண்ட்ராக்ட்னு இனிமே என் ரூம் பக்கம் வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் விடுவிடுவென்று போய்விட்டார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தான் ஸ்டூலில் ஏறி நின்று பைப்பின் இரண்டு முனைகளையும் நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன். நீ பதறாமப் போடு."