வெள்ளரிக்காயில் போட்ட மாங்காய்

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஆலங்கட்டி மழையில் எங்கள் கிருஷ்ணகிரி மாந்தோப்பில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை. பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாருக்கு வருஷா வருஷம் ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் போகும். வெறும் ஜாடியைப் பார்த்துப் பார்த்து மாமியார் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நான் சேலத்திலிருந்து வந்த புது மருமகள். மாமியாரிடம் பேசவே பயம். ஆனாலும் கல்லூரியில் படித்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அத்தை, இங்கிலீஷ்ல மாங்கோங்கறது நம்ம மாங்காயிலிருந்து போனதுதான். அந்தக் காலத்துல ஊறுகாயாத்தான் கப்பலேறிப் போச்சாம். அதனால வெள்ளரிக்காயை ஊறப்போட்டாலும் வெள்ளைக்காரங்க மாங்கோன்னுதான் சொன்னாங்களாம். ஊறுகாய் போடறதுக்கே அந்தப் பேருதானாம்."

மாமியார் முறைத்தார்.

"அவன் போட்டா மாங்கா, நான் போட்டா ஆகாதா? எந்திரி, வெள்ளரிக்கா பறிச்சிட்டு வா!"

ஜாடி பெங்களூர் போனது. கொஞ்ச நாளில் நாத்தனாரே காலி ஜாடியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"அம்மா, இன்னொரு ஜாடி வேணும். இது என்ன ஊறுகா?"

"மாங்காதான். எங்க ஊட்டுப் பொண்ணு சொன்ன மாங்கா" என்று சிரித்தார் மாமியார்.

அதுவரை அவருக்கு நான் 'சேலத்துப் பொண்ணு'.

மாங்காய் கடல் கடந்து போய்ப் பேர் வாங்கியது. எனக்கு நாலு வெள்ளரிக்காய் போதுமாயிருந்தது.