என் ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

ஐம்பத்தாறாவது வயதில் எனக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். எங்கள் வேதக்கோயிலில் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறு ஆராதனைகளில் சபைப் போதகரான ஐயர் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார். அந்த மூன்று வாரமும் பெண் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது. வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். முப்பது வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு வெட்கப்பட ஏது நேரம்? நான் வழக்கம்போலப் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ வரிசையில் போய் நின்றேன்.

"ஏளா, வெக்கங்கெட்டவளே! ஓலை வாசிக்கையில பொண்ணு இங்கன நிக்கலாமா?" என்று என் காதைக் கடித்தாள் பக்கத்தில் நின்ற தோழி.

"நான் வராட்டா ஆல்ட்டோ யாரு பாடுவா? நீயா?"

அவள் எனக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றாள்.

மாப்பிள்ளையும் அதே குழுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். என் கணவர் இறந்து எட்டு வருஷம். தை மாதத்தில் ஒருநாள் மாலை, பாட்டுப் பயிற்சி முடிந்து தம் ஸ்கூட்டரில் என்னை வீட்டில் விட வந்தார். வழியில் உப்பளத்தில் பூநாரைகள் நிறைய இறங்கியிருந்தன. பார்ப்பதற்காக நிறுத்தினோம். மழையில் கரைந்துபோயிருந்த பாத்திகளை ஆட்கள் மறுபடி மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நாம கல்யாணம் முடிச்சிக்கிட்டா என்ன?" என்றார், பறவைகளைப் பார்த்தபடியே.

"என்னைப் பாத்துக் கேளுங்க. அந்தப் பறவையவா கட்டிக்கப் போறீக?" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தும் அந்த உப்பளம் மனதை விட்டுப் போகவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது வெறும் தண்ணீர்க்காடுதான். அதற்காக உப்பளம் செத்துப்போயிற்று என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. மழை முடிந்தால் பாத்தி மிதிப்போம் என்று காத்திருக்கிறார்கள். எட்டு வருஷமாக நான்தான் என்னை முடிந்துபோனவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் அப்படி நினைக்கவில்லை போலிருக்கிறது. அன்றைய ஜெபத்தில் அவரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஸ்கூட்டர்காரரிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

என் ஒரே மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஈஸ்டர் முடிந்ததும் போனில் விஷயத்தைச் சொன்னேன். "இந்த வயசுலயாம்மா? அப்பாவ மறந்துட்டியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை. ஓலை வாசிக்கும் நாட்களையும் கல்யாணத் தேதியையும் செய்தியாக அனுப்பினேன். படித்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

"ஆண்டவரே, அவள் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன். ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லாதபடி நீரே பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். இது என்ன ஜெபம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டர்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "உங்க மக மனசுதான் முக்கியம் டீச்சர்" என்றார். எனக்கோ அவரை விட மனமில்லை, அவளை இழக்கவும் முடியாது.

முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் ஐயர் என்னைக் 'கன்னிகை' என்று வாசித்துவிட்டார். கோயிலே குலுங்கிச் சிரித்தது, நானும் சேர்ந்துதான். இரண்டாம் ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. மகளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு, மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஐயர் வாசித்து முடித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள்..." என்று நிறுத்தினார்.

"இருக்கு ஐயா."

கடைசி வரிசையில் பயணப் பையோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடினேன். ஆண் குரல்கள் வரிசையில் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணம் வியாழக்கிழமைன்னு போட்டிருக்கீக. எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்காது. சனிக்கிழமை வைங்க. நான் இல்லாம எங்க அம்மாவுக்குக் கல்யாணமா?"

சபையில் யாரோ கை தட்டினார்கள். எங்கள் கோயிலில் கை தட்டும் வழக்கமே கிடையாது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆர்கன் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டது. எனக்குக் குரல் எழும்பவில்லை. மகள் பையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பாடகர் வரிசைக்கு வந்தாள். என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, என் தோளை ஒட்டி நின்று, என் ஆல்ட்டோவை அவள் பாடினாள்.