வெள்ளிக்கிழமை காலையும் ஞாயிறு மத்தியானமும்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தே பழகிய என்னை ஒரு நாள் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து உடுத்த வேட்டியோடு திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கியவன். அப்படிப்பட்டவன்தான், எழுபதுகளின் தொடக்கத்தில், அந்தத் தெருவின் அரைநாள் ஆட்களுக்கு வாரத்தில் ஒரு லீவு, அதுவும் கூலியோடு, வாங்கிக் கொடுத்தேன். டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். எல்லோரும் குடித்தார்கள். மதினி மட்டும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் இங்கே கட்டட வேலைக்கு வந்து, சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். அவன் வேலை செய்த ஊரிலேயே பிழைத்துக்கொள்கிறேன் என்று மதினியும் வந்தாள். கரமனை ஆற்றோரம் நாலைந்து பெண்களோடு ஒரே அறையில் தங்கினாள். அங்கே பிள்ளைகளை விடமாட்டார்கள். அதனால் பால்குடி மறக்காத பெண் குழந்தையை ஊரில் எங்கள் அக்காவிடம் விட்டுவிட்டாள். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது.

காலையில் ஒரு சாயபுவின் சுக்குக் கடையில் சுக்கு பொறுக்குவாள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் மிளகாய் வத்தல் கடையில் காம்பு கிள்ளுவாள். தெருவில் பெண்கள் எல்லோருக்கும் இப்படித்தான், இரண்டு கடை, இரண்டு அரை வேலை. கடை அடைத்த நாளிலும் கிடங்கு கூட்ட, சாக்கு உதற வரவேண்டும். ஒரு நாள் வரவில்லை என்றால் வாசலில் குத்தவைத்துக் காத்திருக்கும் பெண்களில் ஒருத்தி உள்ளே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் அந்த இடம் அவளுடையது. அதுதான் தெருவின் சட்டம். ஓணம், தீபாவளி என்றால் கடையில் கூட்டம் நெரியும்; அப்போது ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவே முடியாது. மதினி வாங்கும் கண்ணாடி வளையல், கவுன், மிட்டாய் எல்லாம் நான் போகும்போதுதான் ஊருக்குப் போகும். எல்லாவற்றிலும் அளவு பிசகும். பிள்ளை வளர்ந்தது அவளுக்குத் தெரியாதே.

அந்த வழக்கத்தை உடைக்கத்தான் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசுக்கு நடந்தேன். ஆபீசரின் முன்னால் அண்ணாச்சி என்னைப் பார்த்து, "ஏல, அரைநாள் வாரவளுக்குக் கூலியோட லீவா? நாளைக்குக் கடைப் பூனையும் வந்து கேக்கும்" என்றார்.

"அரைநாள் ஆளுன்னா அரை வயித்தோடயா அண்ணாச்சி பொறந்திருக்கா?" என்றேன்.

சாயபு சிரித்துவிட்டார். "எந்தாடோ, நீ வக்கீலா?"

"வக்கீலுக்குப் படிச்சிருந்தா இந்நேரம் ஒங்க கடைய எழுதி வாங்கியிருப்பேன், மொதலாளி."

ஆபீசரே குனிந்து சிரித்தார். இரண்டு முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள். அவரவர் கடை அடைக்கும் நாளில் அரைநாள் ஆட்களுக்குக் கூலியோடு லீவு. அதற்குத்தான் அந்த ஊர்வலம், அந்த டீ.

கிளாசைக் கீழே வைத்துவிட்டு மதினி கேட்டாள்: "சாயபுக் கட வெள்ளிக்கெழம அடைக்கும். அண்ணாச்சி கட ஞாயித்துக்கெழம அடைக்கும். எனக்கு வெள்ளிக்கெழம காலைல பாதி, ஞாயித்துக்கெழம மத்தியானம் பாதி. ரெண்டயும் எங்க வச்சு தைக்கது தம்பி?"

கூட்டத்தில் இருந்த ஒருவனுக்கும் இது தோன்றவில்லை. ஊருக்குப் போய்வர விடிகாலை பஸ் ஏறி, களியக்காவிளையில் இறங்கி மாறி, திரும்பி வர முழுசாக ஒரு பகல் வேண்டும். அந்த ஒரு பகலுக்காகத்தான் அவள் சங்கத்துக்கே வந்தாள்.

மறுநாளே அண்ணாச்சியிடம் போய், மதினியின் ஞாயிற்றுக்கிழமைப் பாதியை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிக் கேட்டேன். ஒருத்திக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்றவேண்டும், ஓணம் கழியட்டும் என்றார். ஓணம் கழிந்தது, தீபாவளி என்றார். அது கழிந்ததும் வத்தல் வரத்துக் காலம் என்றார். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. லாரி வந்து நின்றபோது ஒரு மூட்டையைக்கூட இறக்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னோடு இருந்தவர்களும் நின்றார்கள். அன்றைக்கு மத்தியானமே மதினியின் லீவு வெள்ளிக்கிழமைக்கு மாறியது. ஆனால் அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். முந்தின நாள் வேலை விட்டதிலிருந்தே மதினி எண்ணெயும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்தபடி இருந்தாள். வத்தல் காரம் லேசில் போகாது. பிள்ளையைத் தொட்டால் எரியும் என்று பயம். பஸ்ஸிலும் விரலை மோந்து மோந்து பார்த்தாள்.

பிள்ளை அக்காவின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. என்னைத் தெரிந்ததும் ஓடி வந்து, "சித்தப்பா, இந்த அத்த யாரு?" என்று கேட்டது.

அக்கா பதறிப்போய், "ஏட்டி, அம்மான்னு சொல்லு" என்று அதட்டினாள்.

பிள்ளை திரும்பி ஓடி அக்காவின் காலைக் கட்டிக்கொண்டது. "அம்மா இங்கல்லா இருக்கா."

"விடுங்கக்கா, பிள்ளைய வெரட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு மதினி அடுப்படிக்குப் போய் முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். மத்தியானம் பிள்ளை தூங்கிய பிறகு பக்கத்தில் போய், இன்னொரு தரம் கையை மோந்துவிட்டு, அதன் தலைமுடியைத் தொட்டாள். அக்கா சுவரைப் பார்த்து அழுதாள். அழைத்துக்கொண்டு போ என்று அவளாலும் சொல்ல முடியாது, அழைத்துப் போய் வைத்துக்கொள்ள மதினிக்கும் இடமில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

திரும்பி வரும்போது நெய்யாற்றின்கரை தாண்டியதும் வத்தல் குவியலில் அவளுக்கு அடுத்து உட்காரும் பாறசாலைக்காரியைப் பற்றிப் பேசினாள். "அவளும் பிள்ளைய விட்டுட்டுத்தான் வாரா. அது இன்னும் பால் மறக்கல. காலைல அவளுக்கும் சாயபுக் கடதான். அண்ணாச்சி கடைல எனக்குள்ள வெள்ளிக்கெழமைய அவளுக்குக் குடுத்திரலாமா தம்பி?"

"லீவு என்ன வெத்தலையா, கை மாத்திக் குடுக்க?" என்றேன். எரிச்சல் எனக்கு. போராடி வாங்கியவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாறசாலைக்காரி ஊருக்குப் பஸ் ஏறினாள். மதினி தன் லீவு நாளில் வந்து அவளுடைய இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள், வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல். பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படியே. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "லாரிய நிறுத்தி வாங்கின லீவுல ஒம் மதினி எங்க கெடக்கா, வந்து பாருடே" என்றார். நான் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்கு நடந்தேன். மதினி மறுபடி ஊருக்குப் போகவில்லை. "அது சந்தோசமா இருக்கு. நான் போனா மெரளும்" என்பாள்.

இன்று அதே தெருவில் எனக்கு இரண்டு கடை, ஒரு கிடங்கு. என்னிடம் அரைநாள் வருகிறவர்களுக்கும் கூலியோடு லீவு உண்டு. அந்த ஆள் வேலைக்குப் போகும் இன்னொரு கடை என்றைக்கு அடைக்கும் என்று கேட்டுத்தான் நாளை முடிவு செய்வேன். இப்படி ஒரு முதலாளி இந்த ஊரில் வேறு இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். மதினி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் மகள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்தே தன்னைப் பெற்றவள் யார் என்று அவளுக்குத் தெரியும். மதினிக்குக் கொள்ளிச் சட்டி தூக்கிய அன்றுகூடப் பக்கத்தில் நின்று, "அத்தை, அத்தை" என்றுதான் அழுதாள். எத்தனையோ முதலாளிகளை வழிக்குக் கொண்டுவந்தவன் நான். அந்த ஒரு சொல்லை மாற்ற என்னால் முடியவில்லை.