எல்சிராவின் பாதி மொட்டை

எங்கள் தெம்பெர்லே ஊர் ஆட்களுக்கு மதியத் தூக்கம் கெட்டால் மனிதத்தன்மையே போய்விடும். எல்சிரா அதில் எல்லோருக்கும் ஒரு படி மேல். பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டு அவள் படுத்தால் என் நாய்கூடக் குரைக்கப் பயப்படும். விடிந்தால் தையல், இரண்டு பிள்ளைகள், சீக்கிரமே செத்துப்போன கணவன். அந்தத் தூக்கம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

நாட்டை ராணுவம் ஆண்ட காலம் அது. எதிர்வீட்டு ரெமோ தன் கார் ஷெட்டில் கிட்டாரை அலறவிடுவது அந்த நேரம் பார்த்துத்தான்.

"டேய், நிறுத்தித் தொலைடா!" என்று கத்திப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்காமல் போலீஸுக்குப் போன் போட்டாள். தெருவில் போன் இருந்த ஒரே வீடு என்னுடையது, அங்கிருந்துதான் போட்டாள். வெறும் இரைச்சலுக்காக, பாவி! அவர்களோ நீளமுடிக்காரன் என்று அவனை இழுத்துப்போய், அடித்து, மொட்டை போட்டு அனுப்பினார்கள்.

அதன்பின் ரெமோ முடியே வளர்க்கவில்லை. அந்த மொட்டைத் தலையோடுதான் மைதானம் மைதானமாகப் பாடிப் பெயர் வாங்கினான். அவன் செத்த பிறகு, ஒவ்வொரு நினைவு நாளிலும் ரசிகர்கள் எங்கள் தெருவுக்கு வந்து, மேளமடித்து, மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். எல்சிரா ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கூனிக் குறுகிக் கிடப்பாள்.

போன வருடம், சுவரில் வரைந்த ரெமோவின் படத்தைத் திறந்துவைக்க அவளையே கூப்பிட்டார்கள். "அவர் பாட்டை முதல்ல கேட்ட காது உங்களோடதும்மா!"

வந்தாள். படத்தை மூடியிருந்த திரைப் பக்கம் போகாமல், மொட்டை போடும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரே ஆரவாரம். பாதித் தலை ஆனபோது அந்தக் கைதட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

"கை தட்டாதீங்கடா! அன்னைக்குப் போலீஸைக் கூப்பிட்டதே நான்தான்!"

மேளம் நின்றது. எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. ரெமோவின் தங்கை இல்டா வந்து, மழிக்கும் மெஷினை வாங்கி நிறுத்தினாள்.

"அவனையும் பாதிதான் மழிச்சு அனுப்புனாங்க, எல்சிராக்கா. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுன்னு தண்டவாளம் ஓரமாவே நடந்து வந்தான். மிச்சத்தை வீட்டுல நான் மழிச்சேன். உங்களுக்கு என்னால முடியாது."

மறுநாள் காலை எல்சிரா ரொட்டிக் கடை வரிசையில் அந்தத் தலையோடு நின்றாள். என் கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டினேன்.

"வேணாம்டி. அவனை யாரும் பாக்கல, என்னையாவது பாக்கட்டும்."

நாங்கள்தான் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம்.