போனுக்குள் கூவிய கானாங்கோழி

என் வீட்டுக்காரரை எல்லாரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் அவர் ஆபீசிலேயே யார் என்று கேட்பார்கள். பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள்ளும் கடலோரச் சதுப்புக்கும் கூட்டிப்போவது அவர் வேலை. இலை மறைவில் கத்துவதைக் கேட்டே இன்ன பறவை, இன்ன கிளை என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷம்.

கடைசி மூன்று வருஷமாகப் பார்வை மங்கிவிட்டது. ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் சாப்பாட்டுக் கூடை தூக்குகிற சாக்கில் நானும் கூடவே போவேன். பறவை இடப்பக்கம் என்றால் இடது முழங்கையைக் கிள்ளுவேன். பொய்தான். தினமும் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கிள்ளினேன்.

அன்றைக்கு ஐந்து பேர் வந்தார்கள். காட்டில் ஒரு குறையும் இல்லை. மரங்கொத்தி, பச்சைப்புறா எல்லாம் காதாலேயே காட்டிவிட்டார். சதுப்பில்தான் வினை. நாணலுக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கானாங்கோழியைப் பார்க்கத்தான் அவர்கள் வந்ததே. இரண்டு மணி நேரம் சேற்றில் நின்றோம். கூட்டத் தலைவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அண்ணே, உங்களுக்குக் கண்ணு தெரியுதா, இல்ல அக்காதான் கண்ணா?”

“ரெண்டு பேருக்கும் சேத்து நாலு கண்ணு இருக்கு சார்,” என்று இவர் சிரித்தார்.

நான் கண்ணை மூடி, அந்தக் கோழி இப்போதே கூவ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கூவியது.

“அதோ, பின்னாடி. பத்தடிதான். யாரும் அசையாதீங்க,” என்று இவர் கையை நீட்டினார்.

கண்ணைத் திறந்தேன். நீட்டிய விரலுக்கு நேரே தலைவர் நின்றார். அவர் கையிலிருந்த போனுக்குள்தான் அது கூவிக்கொண்டிருந்தது.

“இந்தக் கோழிக்கு இரை வேணாம்ணே, சார்ஜ் போட்டாப் போதும்,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஆபீசுல சொல்லித்தான் ஆகணும்,” என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு கரையேறினார்.

நாங்கள் கடைசியாக நடந்தோம். பின்னால் மறுபடி கூவியது. திரும்பினேன். போனுக்குப் பதில் சொல்ல வந்த நிஜக் கோழி, சிவப்புக் காலோடு நாணலைவிட்டு வெளியே நின்றது. இவர் முழங்கையைக் கிள்ளினேன்.

“விடு. போனுதான்.”

“போனு முன்னாடி போயிடுச்சுங்க. இது நிஜம். அவங்களைக் கூப்பிடுங்க.”

“இன்னொரு தடவ சிரிக்கிறதுக்கா? பேசாம நட.”

நான் கத்தினால் அது ஓடிவிடும். கத்தவில்லை.

ஆபீசில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆண்டவனை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதை அனுப்பத்தான் செய்தார்.

இவர் இப்போது விடிந்ததும் ஜன்னலோரம் உட்காருகிறார். வாசலில் குருவி கத்தினால்கூட என் பக்கம் திரும்பி, “எதுத்த வீட்டுப் போனா?” என்று கேட்கிறார்.