எங்கள் தெருவின் சிவப்புப் புள்ளிகள்

என் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அதன் கீழ்மூலை சுருண்டுகொள்ளும். நான் பசை தடவி மறுபடி அழுத்திவிடுவேன். பாப்பாரப்பட்டிப் பக்கம் மேட்டில் கிடக்கிற எங்கள் சிற்றூர் அதில் உள்ளங்கை அகலம்தான். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள். எங்கள் தெருவுக்குப் பதினொரு புள்ளிகள், பதினொன்றும் சிவப்பு. வேட்டி எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருமுறை எண்ணிவிடுவேன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. சிவப்பு என்றால் அந்தத் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு அதிகம் என்று பொருள். அதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு நன்றி பெருகுமா என்று கேட்பீர்கள். அவை முதலில் பச்சையாக இருந்தன. பச்சையாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மறுபடி எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அந்த வரைபடத்தைச் செய்தவரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மேப்பு மேடம் என்று கூப்பிட்டார்கள். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நிலத்தடி நீரை ஆராய வந்தவர். நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் எந்தத் தோட்டத்தில் எந்த மோட்டார் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் காட்டுக்குள்ளிருக்கும் கிணற்றைக்கூட இம்மி பிசகாமல் குறித்துவிடுவார். கருவியைப் பைக்குள் போட்டுவிட்டால் பேருந்து நிறுத்தத்திலிருந்து என் வீட்டுக்கு வரத் தெரியாது. பால் சொசைட்டிக்குள் போய் நின்றுகொண்டு போன் செய்வார். "சார், உங்க ஊர்ல எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கு" என்று என்மேலேயே குறை சொல்வார்.

கணினியில் அவர் செய்த வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஊரின் படம் ஓர் அடுக்கு. அதன்மேல் கண்ணாடித் தாளை வைப்பதுபோல் வீடுகள் ஓர் அடுக்கு, ஆழ்குழாய்க் கிணறுகள் ஓர் அடுக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, கறை படிந்தவர்களின் வீடுகளைக் குறித்தது இன்னோர் அடுக்கு. கடைசியாகத் தண்ணீர். எந்தெந்த ஊருக்கு முதலில் ஆற்றுத் தண்ணீர்க் குழாயை நீட்டுவது என்று முடிவுசெய்ய அந்தப் படம் மாவட்ட அலுவலகத்துக்குப் போகவிருந்தது. அதனால் எனக்குத் தூக்கம் போயிற்று. என் பெரிய பேத்திக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. ஒரு கல்யாண வீட்டில் யாரோ "பல்லு வெளக்க மாட்டியா பாப்பா?" என்று கேட்டதிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். அவளுக்கு முளைத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. சின்னவளுக்குப் பால்பல். உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல் எப்படி வரும் என்பது குழாய் எப்போது வரும் என்பதில் இருந்தது.

முந்தின நாள் மாலை வீட்டுக்கொரு பாட்டில் கொடுத்து, காலையில் உங்கள் தண்ணீரைப் பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் பாட்டில்கள் எல்லாம் திரும்பி வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஒட்டிய எண் கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்பிவைத்தேன்.

முடிவுகள் வந்தபின் மேடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். எங்கள் தெரு பச்சைப் பசேல் என்று இருந்தது. பல்லின் அடுக்கை அதன்மேல் ஏற்றினார். அதே வீடுகள் சிவப்பு. தண்ணீர் அடுக்கை மறைத்துப் பார்த்தார், பல் அடுக்கை மறைத்துப் பார்த்தார், இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று படம் போய்விட்டால் குழாய்ப் பட்டியலில் எங்கள் ஊர் கடைசிக்குத் தள்ளப்படும். மேடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இத்தனை வீடு, இத்தனை போர். எல்லாத்துலயும் அளவு ஒண்ணுபோலவே இருக்கு. பாறைக்கு அடியில இருக்கிற தண்ணி இப்படிச் சொல்லிவச்ச மாதிரி வராது."

அப்போது என் மனைவி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். மேடம் சொம்பை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் அதையே பார்த்தார். "அம்மா, இது எந்தத் தண்ணி?"

"கேன் தண்ணிதாங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்கு போர்த் தண்ணியா குடுப்பாங்க?"

"அன்னைக்கு பாட்டில்ல புடிச்சது?"

"அதுவுந்தாங்க. நீங்க பெரிய எடத்துக்குக் கொண்டுபோறதுன்னு சொன்னீங்களே."

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுலயும் அதேதாங்க. கேன் தீந்து போச்சுன்னு இந்த அக்காகிட்டதான் கடன் வாங்கி ஊத்துனேன். பரிச்சைன்னா ஊரு பாஸாவ வேணாமா?"

வாரத்துக்கு ஒரு கேன். வண்டிக்காரன் எல்லா வீட்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கொண்டுவந்து போடுவான். விருந்தாளிக்கும் மருந்து விழுங்கவும் மட்டும்தான் அது. வீட்டு ஆட்கள் அதைக் குடித்துத் தீர்க்க யாருக்கும் மனம் வராது. தெருவே தன் மரியாதையைப் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்திருந்தது. நான் மூடியை மட்டும் பார்த்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்து மனைவியிடம் கத்தப் போனேன். மேடம் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று முகம் இறுகியது. படத்தை அனுப்ப அவருக்கு இருந்த அவகாசம் கொஞ்சம்தான். பச்சையை அப்படியே அனுப்பியிருக்கலாம். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அலுவலகத்துக்குப் போன் செய்து, தப்பான படத்தைச் சீக்கிரம் கொடுப்பதைவிடச் சரியான படத்தைத் தாமதமாகக் கொடுக்கிறேன் என்று சொன்னார். எதிர்முனையில் ஏதோ ஏச்சு. காதைவிட்டுப் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அவர் பாட்டில்களை எடுக்கவில்லை. பெண்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு, கோலமாவால் தெருவைத் தரையில் வரையச் சொன்னார். வீட்டுக்கொரு புளியங்கொட்டை. மாட்டுக்கு எந்தத் தண்ணீர், களி கிண்ட எந்தத் தண்ணீர், பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோக எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுக்கச் சொன்னார். ஒருத்தி போட்ட கோட்டை இன்னொருத்தி அழித்தாள். "உம் மாமியா அந்தக் கொழாயிலயா புடிக்கும்? பொய் சொல்லாதடி!" என்று ஒரே கூச்சல். யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "எனக்குக் குடுக்கிற தண்ணி வேணாங்க. உங்க புள்ளைக்குக் குடுக்கிற தண்ணி வேணும்."

அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஒவ்வொரு குழாயாகப் போனோம். மோட்டாரைப் போட்டு, அவரே குனிந்து பிடித்தார். காலில் ஆணி இருந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். நிழலில் உட்காருங்கள், நான் பிடித்து வருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். "நீங்க மூடியை மட்டும் பாருங்க சார்" என்றார். அந்தக் குத்தலை இன்றும் ரசிக்கிறேன். அடுத்த முறை முடிவு வந்தபோது எங்கள் தெரு சிவப்பாயிற்று. பல்லின் அடுக்கும் தண்ணீரின் அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. என் மனைவி திரையில் கைவைத்து, "இது நம்ம வூடுங்களா?" என்று கேட்டாள். மேடம் தலையசைத்தார்.

படம் போயிற்று. பட்டியலில் ஊர் ஏறிற்று. குழாய் உடனே வந்துவிடவில்லை. நான் கவலைப்பட்டு எழுதிய மனுக்கள் ஒரு கட்டு இருக்கும். ஆனாலும் வந்தது, சின்னவளுக்கு முன்பல் விழுவதற்கு முன்பே. மேடம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். போகுமுன் அந்த வரைபடத்தின் ஒரு பிரதியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அன்றும் என்னிடம்தான் கேட்டார்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் தோளில் பையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். அதே மாதிரி பாட்டில். குழாய் வந்தபின் நிலைமை எப்படி என்று படம் போடுகிறார்களாம். என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: "எந்தத் தண்ணி வேணும் கண்ணு? உனக்குக் குடுக்கிறதா, நாங்க குடிக்கிறதா?"

அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். "ரெண்டும் வேற வேறயாங்க பாட்டி?"

"இப்ப இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்" என்று குழாயைத் திறந்து பாட்டிலை நீட்டினாள். பக்கத்தில் நின்ற, புது முன்பல் முளைத்துவிட்ட சின்னவள் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. நான் உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். வரைபடத்தின் மூலை மறுபடி சுருண்டிருந்தது. அழுத்திவிட்டேன். அன்று மட்டும் புள்ளிகளை எண்ணவில்லை.