இரண்டாம் மாடி அங்கிளின் டிஸ்க்

கணினி விஷயத்தில் நான் ஒரு வாய்ச்சவடால்காரன். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும். கொழும்பில் ஒருகொடவத்தை என்ற இடத்தில், கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் முற்றம் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே யாருடைய கணினி இறுகிப்போனாலும், "அய்யே, பொட்டக் பலன்ன" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். கொஞ்சம் பார்க்கச் சொல்லித்தான் கேட்பார்கள், நான் அரை மணித்தியாலம் பாடம் நடத்துவேன். எதையும் தொட முதல் ஒரு பிரதி எடு என்பதுதான் அந்தப் பாடத்தின் முதல் வரி. அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. நாங்கள் ஆறாம் மாடி. இரண்டாம் மாடியில் வரைபடம் கீறி ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவரும் மனைவியும் இருந்தார்கள். எனக்கு அவர்கள் அங்கிள், அன்ரி. அங்கிள் போன வருடம் ஒரு காலை தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், எழும்பவில்லை. ஒரே மகன் கனடாவில். அவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். தகப்பனுடைய செத்தவீட்டை அவர் கைபேசியில்தான் பார்த்தார். இங்கே படம் பிடித்த கைபேசியை இரண்டு மணித்தியாலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான், அதிலும் எனக்கு ஒரு பெருமை.

எங்கள் ஆட்களில் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை, புத்தகம்தான். இறந்தவரின் படம், தேவாரம், வம்சம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய் அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள், யாரும் எறியமாட்டார்கள். அங்கிள் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி வைத்திருந்தார். பல வருடமாகப் பின்னேரங்களில் கணினிக்கு முன்னால் இருந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. அன்ரிக்குக்கூட வாசிக்கக் கொடுக்கவில்லை.

மகனுக்கு அது வெறும் கல்வெட்டு விஷயம் இல்லை. பதினேழு வயதில் அவரை, களவாக ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனோடு தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார் அங்கிள். வழியில் அந்தப் பிள்ளை ஒன்றரை வருடம் எங்கெங்கோ அகப்பட்டுக் கிடந்தது. "ஏன் என்னைத் தனிய அனுப்பினீங்கள்?" என்று மகன் கேட்டபோதெல்லாம் தகப்பன் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். "எழுதி வைச்சிருக்கிறன். நான் போன பிறகு வாசி." இதை அன்ரிதான் எனக்குச் சொன்னார். ஆகவே எதைத் தேடப் போகிறேன், அது யாருக்கு வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துதான் நான் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அன்ரி என்னைக் கூப்பிட்டது பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை. டிஸ்க் முட்டி வழிந்தது. கணினி திறப்பதற்கே அரை மணித்தியாலம் எடுத்தது.

"தம்பி, இன்னொண்டும் சொல்லவேணும்," என்றார். "செத்தவீட்டண்டைக்குச் சனம் இருக்க இடம் வேணுமெண்டு நான்தான் இந்தப் பெட்டியைத் தூக்கினனான். கை வழுக்கி நிலத்தில அடிபட்டது. பழுதாகியிருக்குமோ?"

"அதுக்கெல்லாம் ஒண்டும் ஆகாது அன்ரி. என்னட்ட விடுங்கோ."

என்னிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அத்தனையையும் நிறப் பெட்டிகளாகத் திரையில் பரப்பிக் காட்டும். பெரிய கோப்புக்குப் பெரிய பெட்டி, சின்னதுக்குச் சின்னப் பெட்டி. படங்களுக்கு ஒரு நிறம், பாட்டுகளுக்கு ஒரு நிறம். கணினி தன்பாட்டில் உண்டாக்கிவிட்டு மறந்துவிடும் தற்காலிகக் கோப்புகளுக்குச் சாம்பல் நிறம். எதைத் தட்டினாலும் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்லும். அங்கேயே வைத்து அழிக்கவும் செய்யலாம். அன்ரியைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி இதையெல்லாம் விளங்கப்படுத்தினேன். பாவம், அவர் கேட்கவேயில்லை.

"அவர் எதையும் ஒளிச்சுத்தான் வைப்பார் தம்பி. அந்தக் காலத்துப் பயம் கடைசி வரைக்கும் போகேல்லை," என்றார் அன்ரி.

"இந்தப் புரோகிராமுக்கு ஒண்டையும் ஒளிக்கேலாது அன்ரி," என்றேன். என்ன வாய் எனக்கு.

எழுத்துக் கோப்புகளைத் தேடினேன். லிஃப்ட் பழுது என்று நிர்வாகத்துக்கு எழுதிய முறைப்பாடுகள் நாலைந்து, ஒரு கலியாண வாழ்த்து, அவ்வளவுதான். மிச்சம் திரை முழுக்கச் சாம்பல். முதலில் குப்பையை அள்ளி இடம் எடுப்போம், பிறகு வடிவாகத் தேடுவோம் என்று முடிவு செய்தேன். பிரதி எடுக்கும் டிஸ்க் ஆறாம் மாடியில் என் மேசையில் கிடந்தது. லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி இறங்க எனக்குப் பஞ்சி, சோம்பல். இதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இல்லை, பஞ்சிதான்.

சாம்பல் கோப்புகளில் ஒரு கூட்டம் ஒரே கோப்புறைக்குள் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இலக்கம் போட்டிருந்தன. எந்தக் கணினி தன் குப்பைக்கு இப்படி ஒழுங்காக இலக்கம் போடும்? அது என் கண்ணில் படத்தான் செய்தது. பட்டும், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாக அழித்தேன். அதோடு விட்டேனா? டிஸ்க்கில் சிதறிக் கிடப்பவற்றை ஒதுக்கி அடுக்கும் வேலையையும் ஓடவிட்டேன். அப்படி அடுக்கும்போது, அழித்த கோப்புகள் இருந்த இடத்தில் வேறு கோப்புகள் வந்து குந்திக்கொள்ளும். பிறகு எந்த வித்தை காட்டினாலும் பழையது வராது. இதுவும் நான் அலுவலகத்தில் நடத்துகிற பாடத்தில் உள்ளதுதான்.

அது ஓடிக்கொண்டிருக்க அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார். "துடக்கு வீடெண்டு பாக்காட்டிக் குடியுங்கோ," என்றார்.

"தீட்டுத் துடக்கெல்லாம் நான் பாக்கிறேல்லை அன்ரி."

குடித்தேன். கணினி இப்போது பறந்தது. அன்ரி என்னைக் கெட்டிக்காரன் என்றார். எழுத்து இன்னும் அகப்படவில்லை, வாற கிழமை ஆறுதலாகத் தேடுவோம் என்று சொல்லிவிட்டு நாலு மாடியும் விசிலடித்துக்கொண்டு ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வரும்போது அன்ரி கீழே வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். அங்கிள் போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றைக்குத்தான். அலுமாரித் தட்டில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே அங்கிளின் கையெழுத்தில் ஒரு துண்டு கிடந்ததாம்.

"கிடைச்சிட்டுது தம்பி. எங்க வைச்சிருக்கிறார் எண்டு எழுதியிருக்கிறார், பாருங்கோ."

படவரைஞரின் எழுத்து, அச்சடித்தது போல இருந்தது. தற்காலிகக் கோப்புறைக்குள் போகவும். இலக்கமிட்ட கோப்புகளை எடுக்கவும். பெயரின் கடைசியில் உள்ள மூன்று எழுத்தையும் doc என்று மாற்றவும். திறக்கும்.

சனிக்கிழமை நான் அழித்தவை அவைதான். அங்கிள் ஏன் அப்படிச் செய்தார் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இராணுவச் சுற்றிவளைப்புகள் நடந்த காலத்தில் தமிழில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாலே போதும், கணினியையும் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள். நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தபோது, கீழே வாகனச் சத்தம் கேட்டதும் என் அம்மா, இயக்கத்துக்குப் போன மச்சானுடைய படங்களைக் கிழித்துக் கக்கூசுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார் என்று விடலாம். எழுத்தைக் குப்பை போல வேடம் போட்டு வைக்கிற ஆட்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்துவிட்டு, குப்பைதானே என்று நான் அள்ளிக் கொட்டினேன்.

மீட்டெடுக்கும் புரோகிராம்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் மட்டும் வந்தன, ஒன்று முதல் நாற்பத்தாறு வரை. உள்ளே இருந்ததெல்லாம் வேறு கோப்புகளின் துண்டு துணுக்குகள். அன்ரி என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"என்ன தம்பி?"

அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் வாய் சொன்னது வேறு. "டிஸ்க்கில அந்தப் பகுதி பழுதாப் போச்சு அன்ரி. அண்டைக்கு அடிபட்டதால இருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். "அப்ப என்ர கைதான்," என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "இப்பவே போய்ச் சொல்லுங்கோ. நாள் போனா வாய் வராது," என்றாள். அவள்மேல் பாய்ந்தேன். உனக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, அது தெரிகிறது என்று சொல்கிறவர்மேல்தான் கோபம் வரும். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கல்வெட்டுக்கான வாழ்க்கை வரலாற்றை நானே எழுதினேன். இதைச் சொல்லவே கூசுகிறது. அன்ரி சொல்லச் சொல்ல, பிறந்தார், கற்றார், கடமையாற்றினார், இல்லறம் ஏற்றார் என்று ஒன்றரைப் பக்கம். மகனை அனுப்பியதைப் பற்றி ஒரு வரி, அதுவும் "புலம்பெயர்ந்து வாழும்" என்பதோடு சரி. கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு நானே கொண்டுபோனேன். நன்றி நவிலல் பக்கத்தை மட்டும் அன்ரி நேரே அச்சகத்துக்குக் கொடுத்திருந்தார். முப்பத்தோராம் நாள் பந்தியில் இருக்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. ஐயருக்கும் உறவினருக்கும் அடுத்தபடியாக, கணினியிலிருந்து எழுத்துகளை மீட்க அல்லும் பகலும் முயன்ற ஆறாம் மாடித் தம்பிக்கு மனமார்ந்த நன்றி. பாயாசத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அதில் நன்றியும் பாவத்தின் பக்கமே வந்து சேர்ந்தது. அந்தப் புத்தகம் கனடாவுக்கும் தபாலில் போனது.

பிறகு நான் இரண்டாம் மாடியைத் தவிர்க்கத் தொடங்கினேன். ஒருமுறை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நாலு வாங்கிக்கொண்டு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன். பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னொரு நாள் லிஃப்டுக்குள் அன்ரி, மூன்றாம் மாடிக்காரியிடம் கதைத்துக்கொண்டு நின்றார். "அவ்வளவும் என்ர கையால போச்சு. ஒரு நிமிஷம் கவனமா இருந்திருக்கலாம்." மூன்றாம் மாடிக்காரி, விடுங்கோ என்று அவர் தோளைத் தொட்டார். நான் மாடி இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அங்கிளின் கைபேசி.

"தம்பி, இதில இடமில்லையெண்டு காட்டுது. அவர் மகனுக்கெண்டு கதைச்சு அனுப்பினதெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. நீங்கள் பாத்து வேண்டாததை அழிச்சுவிடுங்கோ. நான் தொட்டா இதையும் உடைச்சுப்போடுவன்."

நான் கையை நீட்டவில்லை. நேரத்தைக் கடத்த, மகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கதைக்கிறான். 'சாப்பிட்டனீங்களோ, மருந்து எடுத்தனீங்களோ', அவ்வளவுதான். முந்தி ஒரு மணித்தியாலம் கதைக்கிற பிள்ளை. அவனில பிழையில்லைத் தம்பி. தேப்பன் விட்டிட்டுப் போன ஒண்டையும் நான்தானே போட்டு உடைச்சனான்."

மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். பெட்டி விழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை, நான்தான் அழித்தேன், பிரதி எடுக்கவில்லை, தெரிந்துகொண்டே பழியை உங்கள்மேல் போட்டேன் என்று சொன்னேன். அன்ரி திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அங்கிளின் கைபேசியைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். பிறகு தன் கைபேசியை எடுத்து மகனுக்கு அடித்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குச் சொல்லி என்ன? அவனுக்குச் சொல்லுங்கோ."

அங்கே காலை நேரம். நான் ஆறாம் மாடியில் இருக்கிறவன் என்றதும், "ஓ, உங்களுக்கு நன்றி சொல்லவேணுமெண்டு கனநாளா நினைச்சனான்," என்று தொடங்கினார். மேற்கொண்டு அவரைக் கதைக்க விடப் பயந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அழிக்க முதல் ஒண்டையாவது திறந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "ஒரு வரியாவது? அப்பா என்ன எழுதியிருந்தவர் எண்டு?"

"இல்லை அண்ணை," என்றேன். "ஒண்டையும் திறந்து பாக்கேல்லை."

"சரி," என்றார். "அம்மாட்டக் குடுங்கோ."

கொடுத்தேன். அன்ரி காதில் வைத்து, "ஓம் அப்பு," என்றார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். தாயும் மகனும் கதைத்து முடிய முக்கால் மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் குசினிக்குள் நின்றேன். வெளியே வர எனக்கு முகம் இருக்கவில்லை.